ஆக்கெர்ஸெல்வா கரையில் பெண் பார்க்க வந்தவர்கள்

ஒஸ்லோவுக்கு வருகிற உறவினரையும் நண்பரையும் ஆக்கெர்ஸெல்வா ஆற்றோரம் நடக்கக் கூட்டிப்போவது எனக்குப் பழகிப்போன வேலை. வழக்கமாகக் கோடையில்தான் போவேன். நவம்பரில் மூளை உள்ளவன் எவனும் அந்தப் பக்கம் போகமாட்டான். மரத்தில் இலை இருக்காது, தரையில் பனியும் விழுந்திருக்காது, பகல் முழுவதும் விடிந்தும் விடியாத மாதிரி ஒரு வெளிச்சம்தான் இருக்கும். ஆனாலும் போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நீடாலனிலிருந்து வுல்கான் வரை நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு மழைக்குள் நடந்தேன். நடந்த பாதையையும் பார்த்த இடங்களையும் வழக்கம்போல எழுதுகிறேன். ஏன் நடந்தோம் என்பதையும் இந்தத் தடவை எழுதித்தான் ஆகவேண்டும்.

காரணம் ஒரு பெண் பார்ப்பு.

பெண் என் அக்காவின் மகள். நிரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன், எழுதுவதற்கு அவளுடைய சம்மதமும் இருக்கிறது. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள், முப்பத்திமூன்று வயது, லில்லெஸ்ட்ரோமில் பல் வைத்தியராக வேலை செய்கிறாள். இதற்கு முன்னர் பேசிய இரண்டு சம்பந்தம் பாதியில் நின்றுபோயின. இந்தத் தடவை மாப்பிள்ளையை அவளே இணையத்தில் கண்டுபிடித்தாள். சுதன், இலண்டனுக்குத் தெற்கே தேம்ஸ் கரையிலிருக்கும் கிங்ஸ்டன்காரர், வங்கி ஒன்றில் கணினி வேலை. மாதக்கணக்காகத் தொலைபேசியில் கதைத்தார்கள். இவள் இரண்டு தடவை இலண்டனுக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். அந்தச் சங்கதி எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவும் அப்பாவும் ஒஸ்லோவுக்கு வரச் சம்மதித்துவிட்டார்கள் என்று சுதன் சொன்ன அன்று, நிரோ முதலில் எனக்குத்தான் தொலைபேசி எடுத்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கதைத்து நான் பல வருடம் கேட்கவில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கள் ஆட்கள் இப்போது "பெண் பார்க்க வருகிறோம்" என்று சொல்வதில்லை. "நோர்வே பார்க்க வருகிறோம், அப்படியே உங்களையும் சந்திக்கலாம்" என்பார்கள். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் அவமானம் இல்லை. நோர்வே பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். பெண்ணின் தாய் தகப்பன் ஊர் சுற்றிக் காட்ட வரமாட்டார்கள், வீட்டில் சமைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வந்தவர்கள் வீட்டுக்கு வந்து கை நனைத்தால் விடயம் முக்கால்வாசி முடிந்தது. வராவிட்டால் நாங்களே விளங்கிக்கொள்ள வேண்டும்.

இதில் எங்களுக்கு ஒரு பயம் இருந்தது. அக்காவும் அத்தானும் திருகோணமலையில் இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கலியாணம் கட்டியவர்கள். எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு கேள்வியைக் கூடவே கொண்டுபோகிறார்கள். அதை நேராகக் கேட்கமாட்டார்கள். ஊரில் எவடம் என்பார்கள், எந்தக் கோயிலடி என்பார்கள், ஆருடைய வளவுக்குப் பக்கம் என்பார்கள். மூன்றாவது பதிலில் சாதி தெரிந்துவிடும். அத்தானுடைய ஆட்கள் என்ன ஆட்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் இந்தக் கட்டுரையில் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருப்பீர்கள்.

சுதனுக்கு இது தெரியும், நிரோ தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாள். அம்மாவுக்குப் பிறகு ஆறுதலாகச் சொல்கிறேன், முதலில் உன்னை நேரில் பார்க்கட்டும், பார்த்தால் மனம் மாறிவிடும் என்பது அவருடைய கணக்கு. அதனால் அந்த ஒரு நாளை மட்டும் தாண்டிவிட வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

"மாமா, அவையள் ஊரைப் பற்றிக் கேக்க வெளிக்கிட்டா நீங்கள் ஆத்தின்ர ஹிஸ்டரியைச் சொல்லுங்கோ," என்றாள் நிரோ. "நீங்கள் தொடங்கினா ஒருத்தராலும் நிப்பாட்ட ஏலாதுதானே."

பாராட்டா, நக்கலா தெரியவில்லை. நான் ஒத்துக்கொண்டேன்.

அவர்கள் மத்திய தொடருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் விடுதி எடுத்திருந்தார்கள். காலை பத்தரைக்கு அங்கே சந்தித்து, சுரங்கத் தொடருந்தில் நீடாலனுக்குப் போனோம். நான்காம் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் போகும், கால் மணி நேரம் பிடிக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு வலயச் சீட்டு ஐம்பது குரோனருக்குள் முடியும். சீட்டைக் கைபேசிச் செயலியில் முதலே வாங்குங்கள். பரிசோதகர் பிடித்தால் தண்டத்தில் ஒரு குடும்பம் நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

சுதனின் அம்மாவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கட்டையான மனுசி, ஊதா நிற மழைச்சட்டை, நல்ல சப்பாத்து. நடக்கத் தயாராக வந்திருந்தார். நிரோவின் கன்னத்தைத் தொட்டு, "படத்திலை பாத்ததை விட வடிவு," என்றார். அப்பா ஓய்வு பெற்ற கணக்காளர், கழுத்தில் ஒரு பெரிய கமரா. சுதன் உயரமான, மெல்லிய குரல்காரன். என்னை அங்கிள் என்று கூப்பிட்டுக் கை குலுக்கினான். கை சில்லிட்டிருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

நீடாலனில் மேலே ஏறி வந்தால் கண்ணாடிக் கட்டடங்களும் வணிகக் கல்லூரியும்தான் தெரியும். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுவதும் ஆணியும் இரும்பும் செய்கிற தொழிற்சாலையும் பஞ்சாலையும் இருந்தன. ஆறு வடக்கே மாரிடால் ஏரியில் புறப்பட்டு, ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றரில் கடலுக்குப் போய்விடுகிறது. அந்த எட்டுக் கிலோமீற்றருக்குள் நூற்றைம்பது மீற்றர் இறங்குகிறது. அதனால்தான் வழியெல்லாம் அருவி, அருவிக்கு அருவி ஓர் ஆலை. மின்சாரம் வருமுன் இந்த நகரத்தின் வேலை முழுவதையும் இந்தத் தண்ணீர்தான் செய்தது.

"இது ஆறோ தம்பி, வாய்க்காலோ?" என்று கேட்டார் அப்பா. "எங்கட கிங்ஸ்டனிலை தேம்ஸைப் பாக்கவேணும் நீர். கனகாலமா ஆத்திலை லண்டன் பாலத்துக்கு அடுத்த பாலம் எங்கடதான். அந்தக்காலத்து ராசாக்களுக்கு முடி சூட்டின கல்லொண்டும் ரோட்டோரத்திலை கிடக்கு. பஸ் அதைச் சுத்தித்தான் போகும்."

அவர் கிங்ஸ்டனை "எங்கட" என்று சொன்ன விதம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. கிங்ஸ்டன்தான் ஊர் என்றால் எனக்கென்ன கவலை? அந்தக் கல்லைப் பற்றி நிறையக் கேட்டேன். அவரும் நிறையச் சொன்னார். ஏழு மன்னர்களாம், அவர்கள் பெயரெல்லாம் கல்லின் பீடத்தைச் சுற்றி வெட்டியிருக்கிறதாம். இங்கிலாந்தில் ஆற்றங்கரைப் புறநகர் ஒன்றில் நாற்பது வருடம் குடியிருந்தால் மனிதன் இப்படித்தான் ஆகிவிடுவான் போலும். நானும் நாளைக்கு இப்படித்தான் ஆவேன்.

நீடாலனிலிருந்து தெற்கே ஆற்றோடு நடந்தால் பியோல்சன். இங்கே ஒரு மாவாலை இன்னும் ஓடுகிறது. வெள்ளைத் தூசி படிந்த உயர்ந்த கட்டடங்கள், அடியில் பெரிய நீர்வீழ்ச்சி. மழையால் அன்று தண்ணீர் தேநீர் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நிரோவும் சுதனும் ஒரு குடைக்குள் கொஞ்சம் முன்னே நடந்தார்கள். அப்பா அருவியைப் படமெடுக்க ஒதுங்கினார். அம்மா என் பக்கம் வந்தார்.

"தம்பி, நீங்கள் திருகோணமலையிலை எவடம்?"

வந்துவிட்டது. "நாங்கள் டவுன்தான் அக்கா," என்றேன்.

"அத்தாரும் டவுனோ? இல்லாட்டி யாழ்ப்பாணத்திலை இருந்து போன ஆக்களோ?"

"அக்கா, இந்த ஆலையைப் பாத்தனீங்களே," என்று தொடங்கினேன். அந்தக் காலத்தில் ஆலை வைக்க ஆற்றில் உரிமை வேண்டும், உரிமைக்கு ஆட்கள் அடிபட்டார்கள், முதலில் மரம் அரிகிற ஆலைகள் வந்தன, அதனால்தான் அடுத்து வரப்போகிற பகுதிக்குச் சாகெனே என்று பெயர், அரியும் ஆலைகள் என்று பொருள், பிறகு மாவு, பிறகு கடதாசி, பிறகு துணி. மூச்சு விடாமல் சொன்னேன். மழை வாய்க்குள் போனது. அவர் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, "கடதாசி ஆலை எவடத்திலை இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

அத்தானை விட்டுவிட்டார். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. நிரோ திரும்பிப் பார்த்தாள், நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

பென்சே பாலத்தைத் தாண்டினால் சாகெனே தொடங்கிவிடும். பாதை அகலமானது, தள்ளுவண்டியும் போகும். ஆனால் நவம்பரில் ஈர இலை வழுக்கும், வயதானவர்கள் கவனம். இரண்டு கரையிலும் சிவப்புச் செங்கல் ஆலைகள். இப்போது உள்ளே எல்லாம் அலுவலகம். நீங்கள் பார்க்கவேண்டிய முக்கியமான இடம் பையர் பாலம். பாலத்தின் இரு பக்கமும் அருவி இரைகிறது. பாலத்தடியில் ஆலைப் பெண்களின் சிலை இருக்கிறது. வேலை முடிந்து சேர்ந்து நடந்து வருகிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளும் இந்த ஆலைகளில் நின்று வேலை செய்தார்கள். சாயம் போடுகிற நாளில் ஆறே நிறம் மாறி ஓடுமாம். சிலைகளின் தலையில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர்கள் உண்மையாகவே களைத்துப்போன மாதிரித்தான் தெரிந்தார்கள்.

இங்கே நின்று நான் எப்போதும் சொல்கிற ஒரு கதை உண்டு. இந்த ஆறு ஒஸ்லோவை இரண்டாகப் பிரித்தது. மேற்கே பணக்காரர், கிழக்கே வேலைக்காரர். கதைக்கிற நோர்வேஜிய மொழியே இரு கரையிலும் வேறு. ஒருவன் வாய் திறந்தால் எந்தக் கரை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மேற்குக் கரை வீட்டில் கிழக்குக் கரைப் பெண்ணைச் சேர்ப்பது இலேசில் நடக்கிற காரியமில்லை. இதைச் சொல்லத் தொடங்கிப் பாதியில்தான், ஐயோ, எந்த இடத்தில் எதைச் சொல்கிறேன் என்று உறைத்தது. நிறுத்தினால் இன்னும் மோசம். சொல்லி முடித்தேன்.

அம்மா சிரித்தார். "அப்ப இவையளும் எங்களைப் போலதான்," என்றார். "இப்பவும் பாக்கினமோ?"

"இப்ப அப்பிடியில்லை அக்கா. இப்ப கிழக்குப் பக்கம் வீடு வாங்கத்தான் எல்லாரும் அடிபடுகினம்."

"நல்லது," என்று சொல்லிவிட்டுச் சிலையடியில் போய் நின்றார். "இஞ்சரப்பா, என்னை இதிலை ஒண்டு எடுங்கோ."

அதற்குப் பிறகு அவர் ஊரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. ஆற்றைப் பற்றித்தான் கேட்டார். சால்மன் மீன் இப்போதும் ஏறி வருகிறதா, இந்த வீடுகள் என்ன விலை, குளிர்காலத்தில் ஆறு உறையுமா. அப்பாவும் கமராவைக் கீழே இறக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வரலாற்று ஞானத்தால் ஒரு கலியாணத்தையே கரை சேர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இன்னும் கீழே போனால் ஆமொட் பாலம். இரும்புச் சங்கிலியில் தொங்குகிற நடைபாலம். முதலில் வேறொரு ஆற்றில் இருந்ததைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டியிருக்கிறார்கள். நூறு பேரைத் தாங்குவேன், எல்லாரும் ஒரே தாளத்தில் கால் வைத்து நடந்தால் தாங்கமாட்டேன் என்று பாலமே சொல்கிற மாதிரி அதில் எழுதியிருக்கிறது. இப்போது பாலத்தின் கம்பியில் காதலர்கள் பூட்டுப் போடுகிறார்கள். நிரோ அதைச் சுதனுக்குக் காட்டினாள். அவன் பூட்டுகளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தம்பி, களைச்சுப் போனீரோ?" என்று கேட்டேன். "இல்லை அங்கிள், ஐ ஆம் ஓகே," என்றான். வெட்கப்படுகிறான் என்று அதையும் நானே விளக்கிக்கொண்டேன்.

கடைசியாகக் க்ரூனர்லொக்கா. இங்கே தானியக் களஞ்சியம் ஒன்றை மாணவர் விடுதியாக்கியிருக்கிறார்கள். உருளை உருளையான கொங்கிறீற்றுக்குள் அறைகள். வட்டமான அறைக்குள் சதுரக் கட்டிலை எப்படிப் போடுவார்கள் என்று அப்பா கேட்டார். எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அதற்கு எதிரே பழைய பாய்மரத்துணி ஆலை, இப்போது கலைக் கல்லூரி. பக்கத்தில் கடைசிப் பெரிய அருவி. அதைத் தாண்டினால் வுல்கான், அங்கே ஒரு பெரிய உணவுச் சந்தை. நீடாலனிலிருந்து இங்கே மூன்றரைக் கிலோமீற்றர் இருக்கும். சும்மா நடந்தால் ஒரு மணி நேரம். நாங்கள் படமெடுத்துப் படமெடுத்து வந்து சேரப் பகல் ஒன்றரை மணியாகிவிட்டது.

திட்டப்படி இங்கே ஒரு கோப்பி குடித்துவிட்டு, ஹவுகெட்டோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தொடருந்தில் போகவேண்டும். அக்கா விடியவே எழும்பி, இறால் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், கத்தரிக்காய் பால்கறி, சொதி என்று சமைத்து வைத்திருந்தார். கோப்பியை வாங்க நான் வரிசையில் நின்றேன். கோப்பை ஒன்று ஐம்பது குரோனருக்குக் கிட்ட. திரும்பி வந்தபோது மேசையில் மூன்று பெரிய கிண்ணம் மீன் சூப்பும் பாணும் இருந்தன. அம்மா குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி குறை நினைக்காதேங்கோ," என்றார். "இவருக்கு வயித்துக்குள்ளை சரியில்லை. வீட்டை வந்து கஷ்டப்படுத்தக் கூடாது. அடுத்த முறை கட்டாயம் வாறம்."

வயிற்றுக்குள் சரியில்லாதவர் பாணைச் சூப்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். சுதன் கரண்டியைத் தொடவில்லை. நிரோ எழும்பி, "பரவாயில்லை அன்ரி," என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாள். வர நேரமெடுத்தது. அவர்கள் இருட்டுமுன் இசை நாடக அரங்கின் கூரையில் ஏறிப் பார்க்கவேண்டும் என்றார்கள். எந்தப் பேருந்து என்று சொல்லி ஏற்றிவிட்டேன். ஏறி நின்று சுதன் நிரோவிடம் ஏதோ சொல்ல வந்தான், கதவு மூடிவிட்டது.

நிரோவும் நானும் ஹவுகெட்டோவுக்குத் தொடருந்து ஏறினோம். மூன்றரைக்கே வெளியே கறுத்துவிட்டது. கதவைத் திறந்த அக்கா எங்கள் பின்னால் பார்த்தார். ஒருவரும் வரவில்லை என்று கண்டதும், "மழை எண்டபடியாலோ?" என்றார். "ஓம் அம்மா, மழைதான்," என்றாள் நிரோ. அத்தான் புதுச் சேட்டுப் போட்டுக் கதிரையில் இருந்தார். ஏழு பேருக்குப் போட்ட சாப்பாட்டுக் கோப்பைகளில் நாங்கள் நால்வரும் இருந்து சாப்பிட்டோம். அத்தான் மட்டும் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார். அக்காவுக்காகத்தான் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை ஸ்தவாங்கரிலிருந்து ஒரு அன்ரி தொலைபேசி எடுத்தார். அவர் சுதனின் அம்மாவுக்குச் சொந்தம், எங்களுக்கும் பழக்கம். அதனால் இடையில் நின்று கதைக்கிறவர் அவர்தான்.

"தம்பி, சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லச் சொன்னவை."

"அன்ரி, நாங்கள் சாதகமே குடுக்கேல்லையே."

"அப்பிடித்தானே தம்பி சொல்லுறது," என்றார். குரலில் களைப்புத்தான் இருந்தது, வெட்கம் இல்லை.

நான் விடவில்லை. ஆற்றங்கரையில் அவ்வளவு நன்றாகக் கதைத்த மனுசி, எந்த இடத்தில் மனம் மாறினார் என்று கேட்டேன். பையர் பாலத்தில் நான் சொன்ன கரைக் கதையா? அன்ரி சொன்னார். மாற எதுவும் இருக்கவில்லையாம். அத்தானுடைய ஆட்கள் யாரென்று அவர்கள் புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே விசாரித்து அறிந்துவிட்டார்கள். அன்றே வேண்டாம் என்று முடிவெடுத்தாயிற்று.

"பேந்து ஏன் அன்ரி வந்தவை?"

"டிக்கெட் எடுத்துப்போட்டினம். விடுதிக் காசும் திருப்பித் தரமாட்டினமாம். அப்ப நோர்வேயை எண்டாலும் பாப்பம் எண்டு வந்தவை."

அவர்கள் உண்மையாகவே நோர்வே பார்க்கத்தான் வந்தார்கள். ஆலை எங்கே இருந்தது, ஆறு உறையுமா என்று கேட்டதெல்லாம் அறிய ஆசைப்பட்டுத்தான். மாவாலையடியில் அத்தானைப் பற்றிக் கேட்டதுகூடச் சும்மா, தெரிந்ததை நான் எப்படி மறைக்கிறேன் என்று பார்க்க. நான் மழையைக் குடித்துக் குடித்து மறித்து நின்ற வழியில் ஒருவரும் வரவே இல்லை. அன்ரி இன்னொன்றும் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த நாள் சுதனின் அப்பா வாட்ஸப்பில் படங்கள் அனுப்பினார். நல்ல கமரா, நல்ல கை. அருவி, மாவாலை, சிலைகள், பாலம், களஞ்சியம் எல்லாம் இருந்தன. நிரோ ஒன்றிலும் இல்லை. பின்னால் நடந்து வந்தவர் அவளை விலக்கி விலக்கி எடுத்திருக்கிறார். அது இலேசான வேலையில்லை. "மிகவும் பயனுள்ள சுற்றுலா, நன்றி தம்பி. என் மச்சான் குடும்பம் ஜூனில் வருகிறார்கள், அவர்களுக்கும் காட்டினால் நல்லது" என்று கீழே எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. எரிச்சலில் கைபேசியைச் சுவரில் அடித்திருப்பேன், விலையை நினைத்து விட்டுவிட்டேன்.

இனிப் போக நினைக்கிறவர்களுக்கு. மே கடைசியிலிருந்து செப்ரெம்பர் வரை போங்கள். நீடாலனில் தொடங்கி ஆற்றோடு இறங்குங்கள், கீழிருந்து ஏறினால் மூட்டு வலிக்கும். முழு ஆற்றையும் நடக்க விரும்பினால் மாரிடால் ஏரியில் தொடங்கலாம், ஆனால் அரை நாள் ஒதுக்குங்கள். இடையில் கழிப்பறை குறைவு. வுல்கானில் சாப்பாடு நல்லது, விலை கூட, நால்வர் குடும்பம் என்றால் பாண் கட்டிக்கொண்டு போய் சாகெனேயில் புல்லில் இருந்து சாப்பிடுங்கள். நவம்பரில் போகவே வேண்டும் என்றால் பதினொன்றுக்கு முன்னர் தொடங்குங்கள், நீர் புகாத சப்பாத்துப் போடுங்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பாதையைத் தெரிவு செய்யவேண்டாம். பெண்ணைப் பார்க்காமல் பார்க்க இங்கே எவ்வளவோ இருக்கிறது. கேட்கிறவர்கள் நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுங்கள். இப்படி யோசித்திருந்தால் அத்தானைப் பற்றி மாவாலையடியிலேயே தலை நிமிர்ந்து சொல்லியிருப்பேன். அவரைப் போல ஒரு மனிதன் கிடைக்க அக்கா கொடுத்துவைத்தவர்.

இதுவரை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை நிரோவுக்கு வாசிக்கக் கொடுத்தேன். என் வீட்டுக் குசினியில், மேசையில் மடிகணினியை வைத்து வாசித்தாள். எழுத்துப்பிழை இரண்டைக் காட்டினாள். நோர்வேயில் பிறந்த பிள்ளை என் தமிழைத் திருத்துகிறது என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"மாமா, அன்ரி இன்னொண்டும் சொன்னவ எண்டு எழுதியிருக்கிறியள். கடைசியிலை அது இல்லை."

"அது தேவையில்லை எண்டு விட்டனான் பிள்ளை."

"சுதனைப் பற்றியோ?"

நான் தேநீருக்குச் சீனியைக் கலக்கினேன். கரைந்த பிறகும் கலக்கினேன்.

"அவருக்கும் தெரியுமோ மாமா? வரேக்கையே தெரியுமோ?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், நம்ப ஆசையாகத்தான் இருந்தாள். ஆனால் அன்ரி தெளிவாகச் சொல்லியிருந்தார். வீட்டில் முடிவெடுத்த அன்றே அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். நீயும் வா, முகத்தை முறிக்காமல் நடந்துகொள் என்றார்கள். அவன் சரி என்றான். அந்த இரண்டு கிழமையும் அவன் ஒவ்வொரு இரவும் இவளோடு கதைத்திருக்கிறான்.

"ஓம் பிள்ளை," என்றேன். "தெரிஞ்சுதான் வந்தவர்."

நிரோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைத் தொட்டுத் தேற்றவேண்டும் போல இருந்தது, பயமாகவும் இருந்தது. பிறகு மடிகணினியை என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப அதையும் எழுதுங்கோ."

எழுதியிருக்கிறேன்.